பூட்லோடரும் பூட்டும்: போன் மென்பொருளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் கிடக்கிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, திரையில் கீறல்கூட இல்லை. ஆனால் நிறுவனம் அதைக் கைகழுவி ஐந்து வருடமாகிறது. "இதில் புது ஆண்ட்ராய்டு ஏற்ற முடியுமா?" என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். செய்முறையை மட்டும் தேடி வந்தவர்களுக்கு இதில் நிறுவனங்களின் கதை கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். அந்தக் கதை தெரியாமல், ஒரு போனில் இது ஏன் ஐந்து நிமிட வேலையாகவும் இன்னொன்றில் நடக்கவே நடக்காத காரியமாகவும் இருக்கிறது என்பது புரியாது.

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

போனோடு வந்த இயங்குதளத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, அதே போனில் ஓடும்படி வேறு யாரோ தொகுத்த ஆண்ட்ராய்டை ஏற்றுவது. அந்த யாரோ பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். லாஞ்சர், தீம் மாற்றுவதெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. இது இடித்துவிட்டுக் கட்டுவது.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ராம் வேறு, ரோம் வேறு. படிக்க மட்டுமே முடிகிற நினைவகத்தின் பெயர், அழித்து எழுதும் வேலைக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன் ஒழுங்காகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்த வம்பு?

2010, 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கிய தமிழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அப்போது பல போன்களில் தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். எழுத்துரு இல்லை. ஓபரா மினியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்று ஒரு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தெரியும். சர்வரில் எழுத்துகளைப் படமாக்கி அனுப்புவார்கள், நாம் படித்துக்கொள்வோம். அந்த உலாவிக்கு வெளியே மீண்டும் கட்டம்தான்.

போனை ரூட் செய்து (அதாவது அதன் தலைமை அதிகாரத்தைக் கைப்பற்றி), எழுத்துருக் கோப்பை உரிய இடத்தில் நாமே கொண்டுபோய் வைத்தவர்களும் உண்டு. கட்டம் மறையும், ஆனால் "கொ" என்று வரவேண்டிய இடத்தில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் நிரல் உள்ளே இருக்காது. அதற்கும் வழி தேடியபோதுதான் பலர் முதன்முதலாக ஒரு ரோமை ஏற்றினார்கள். நமக்கு இந்தக் கலை பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை, படிக்க முடியாத எரிச்சலில் தொடங்கியது.

இன்று தமிழ் எல்லாப் போனிலும் தெரிகிறது. இப்போது ரோம் ஏற்றுபவர்களுக்கு மூன்று காரணங்கள்: நிறுத்தப்பட்ட புதுப்பிப்பு, நீக்க முடியாத குப்பைச் செயலிகள், அமைப்புப் பக்கத்திலேயே வந்து உட்காரும் விளம்பரம். மூன்றாவதுதான் எனக்கு ஆத்திரம் வரவழைப்பது.

பூட்லோடர் என்பது என்ன?

பெயரிலேயே பூட்டு இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத என் அத்தைக்கு இது எளிதாகப் புரிந்துவிட்டது. போனை இயக்கியதும் முதலில் விழித்துக்கொள்ளும் சிறிய நிரல் இது. அடுத்து ஓடவேண்டிய மென்பொருளில் நிறுவனத்தின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வழிவிடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். இந்தச் சோதனையைத் தளர்த்துவதுதான் அன்லாக் செய்வது. அப்போது போனில் உள்ள தரவு அனைத்தும் அழியும். உங்கள் போனைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து படங்களை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு.

ரூட் செய்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரூட் என்பது இருக்கிற இயங்குதளத்திலேயே தலைமை அதிகாரத்தைப் பெறுவது. இன்று அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 2016இல் வந்த மேஜிஸ்க். ரோம் ஏற்றியவர்கள் எல்லாம் ரூட் செய்திருப்பதில்லை. தேவையில்லாவிட்டால் செய்யாதீர்கள்.

இதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமில், விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது பின்னணியில் தலைமை அதிகாரத்தோடு ஒரு கட்டளையாகவும் ஓடிக்கொண்டிருந்தது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ரீபூட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் போன் உண்மையிலேயே அணைந்து எழுந்தது. கூகுள் அவசரமாக அடைத்த அந்த ஓட்டை வழியாகத்தான் கஸ்டம் ரோம் உலகமே உள்ளே வந்தது.

ஆண்ட்ராய்டு திறமூலம் என்கிறார்கள். அப்படியானால் கூகுளின் கையில் என்ன பிடி இருக்கிறது?

ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்ததுதான். பிளே ஸ்டோர், மேப்ஸ், ஜிமெயில், யூடியூப் ஆகியவையும், இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் பிளே சர்வீசஸும் திறந்தவை அல்ல. சாப்பாடு இலவசம், இலைக்குத்தான் காசு என்பது போன்ற ஏற்பாடு இது.

2009 செப்டம்பரில் இது முதன்முதலாக வெளிப்பட்டது. சயனோஜென் என்ற புனைபெயரில் இயங்கிய ஸ்டீவ் கோண்டிக், தன் ரோமில் கூகுளின் செயலிகளையும் சேர்த்துத் தந்துகொண்டிருந்தார். கூகுளின் வழக்கறிஞர்களிடமிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. பெரிய கூச்சலுக்குப் பிறகு ஒரு நடுவழி பிறந்தது. ரோமில் கூகுள் செயலிகள் இருக்காது, வேண்டியவர்கள் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். இன்றுவரை ரோம் ஒரு கோப்பாகவும் கூகுள் செயலிகள் இன்னொரு கோப்பாகவும் கிடைப்பது அதனால்தான்.

போன் தயாரிப்பாளர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். கூகுள் ஒப்புக்கொள்ளாத ஆண்ட்ராய்டு வகை எதையும் வேறு எந்தக் கருவியிலும் விற்கமாட்டோம் என்ற வாக்குறுதியும் அதோடு சேர்ந்தே வரும். 2012இல் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தோடு சீனாவில் ஒரு போன் வெளியிட ஏசர் நாள் குறித்திருந்தது. வெளியீடு கடைசி நேரத்தில் ரத்தானது. கூகுள் அழுத்தம் கொடுத்ததாக அலிபாபா சொன்னது. அலியுன் ஆண்ட்ராய்டிலிருந்து திரிந்த வடிவம், ஏசரோ ஆண்ட்ராய்டு கூட்டணியில் இருக்கிறது என்பது கூகுளின் வாதம். 2019 மே மாதம் அமெரிக்க அரசின் தடைப் பட்டியலில் ஹுவாவே சேர்க்கப்பட்டபோது, திறந்த பகுதி அந்த நிறுவனத்திடம் அப்படியே இருந்தது. பிளே சர்வீசஸ் போனது. ஐரோப்பாவில் அதன் போன் வியாபாரம் சரிவதற்கு அது போதுமானதாக இருந்தது.

சயனோஜென் என்ன ஆனது? ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தானே பேசினார்கள்?

ஆமாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாம் இருக்கிறது.

கோண்டிக்கின் ரோமான சயனோஜென்மாட் தன்னார்வலர்களின் கூட்டுமுயற்சியாக வளர்ந்தது. அறிவிப்புத் திரையை இழுத்தால் வைஃபை, ப்ளூடூத் பொத்தான்கள் வரிசையாகத் தெரிகின்றன அல்லவா? கூகுள் அதை 2012இல் ஆண்ட்ராய்டு 4.2இல்தான் தந்தது. சயனோஜென்மாட் பயனர்களிடம் அது முன்பே இருந்தது. ஒரு செயலிக்குத் தொடர்புப் பட்டியலைக் காட்டாமல் மறுக்கும் வசதியும் அப்படித்தான். அதிகாரபூர்வமாக அது 2015இல் ஆண்ட்ராய்டு 6.0இல் வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கூட்டம் சம்பளமில்லாத ஆராய்ச்சிக் கூடம். கோண்டிக்கை 2011இல் சாம்சங் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

2013இல் அவர் வெளியே வந்து, கர்ட் மெக்மாஸ்டர் என்பவரோடு சேர்ந்து சயனோஜென் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதலீடு கோடிக்கணக்கில் குவிந்தது. 2014இல் ஒன்பிளஸ் நிறுவனத்தின் முதல் போன் சயனோஜென்மாடோடு வந்தது. பெயரே கேள்விப்படாத ஒரு சீன நிறுவனத்தின் போனை வாங்க அழைப்பிதழுக்காக மக்கள் காத்துக்கிடந்ததற்கு, விலைக்கு அடுத்த காரணம் அந்த ரோம்.

அடுத்து நடந்தது இந்தியாவில். அதே ஆண்டு சயனோஜென் நிறுவனம், இந்தியாவுக்கான பிரத்யேக உரிமையை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. உலகம் முழுவதற்கும் உரிமம் பெற்றிருந்ததாக நம்பிய ஒன்பிளஸ், இந்தியாவில் கடை விரித்த டிசம்பர் மாதத்திலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. விற்பனைக்கு இடைக்காலத் தடை வந்தது, சில நாட்களில் மேல் அமர்வில் அது விலகியது. மைக்ரோமேக்ஸ் தன் யூ யுரேகா போனை 8,999 ரூபாய்க்கு அறிவித்தது. ஒன்பிளஸ் இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்து ஆக்சிஜன் ஓஎஸ் என்று தனக்கென ஒன்றை 2015இல் கட்டிக்கொண்டது. இன்று ஒன்பிளஸின் அடையாளமாகச் சொல்லப்படுவது அந்தச் சண்டையில் பிறந்த பிள்ளை.

ஆண்ட்ராய்டைக் கூகுளிடமிருந்து பிடுங்கிவிடுவோம் என்ற ரீதியில் மெக்மாஸ்டர் மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார். கூகுளின் செயலிகள் இல்லாமல் விற்க முடியாத ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கூகுளையே சவாலுக்கு இழுத்தது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு சேவைகள் அனைத்தும் மூடப்பட்டன. பெயருக்கான உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், பல வருடம் உழைத்த தன்னார்வலர்களால் தங்கள் ரோமைப் பழைய பெயரில் தொடர முடியவில்லை. நிரலை எடுத்துக்கொண்டு புதுப் பெயரில் தொடங்கினார்கள். அதுதான் லினியேஜ் ஓஎஸ். வம்சாவளி என்று பொருள்படும் பெயரைத் தேடிப்பிடித்து வைத்ததில் அவர்களின் மனக்கசப்பு தெரிகிறது. நிறுவனம் போய்விட்டது, லினியேஜ் இன்றும் ஓடுகிறது.

ஷாவ்மி போனை அன்லாக் செய்யக் காத்திருக்கச் சொல்கிறதே, ஏன்?

ஷாவ்மியின் பிறப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2010இல் அது போன் நிறுவனமே இல்லை. எம்ஐயூஐ என்ற கஸ்டம் ரோமைத் தயாரித்து, மற்ற நிறுவனங்களின் போன்களில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று இலவசமாகத் தந்தது. பிறர் போன்களின் பூட்டு திறந்திருந்ததால் வளர்ந்த நிறுவனம் அது. சொந்தப் போன் 2011இல்தான் வந்தது.

இந்தியாவில் அதன் ரெட்மி நோட் 4, ரோம் ஆர்வலர்களிடையே மிடோ என்ற குறிப்பெயரில் புகழ்பெற்றது. நிறுவனம் ஆண்ட்ராய்டு 7ஓடு நிறுத்திவிட்ட அந்தப் போனைத் தன்னார்வலர்கள் 11ஐயும் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கல்லூரி விடுதிகளில் மிடோவுக்கு ரோம் தொகுக்கக் கற்றுக்கொண்டு நிரலாளர் ஆனவர்கள் உண்டு.

பிறகு கதவு சாத்தப்பட்டது. முதலில் அனுமதிக் கணக்கு, அடுத்து ஏழு நாள், பதினைந்து நாள் காத்திருப்பு. 2023இன் இறுதியில் எம்ஐயூஐக்குப் பதிலாக ஹைப்பர் ஓஎஸ் வந்ததும் விதிகள் இன்னும் இறுகின. சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. அதில் உண்மையும் இருக்கிறது. இடைத்தரகர்கள் அன்லாக் செய்து, போலி ரோம் ஏற்றி, விளம்பர நிரலைத் திணித்து விற்ற போன்கள் பல உண்டு. இன்னொரு காரணத்தை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. குறைந்த லாபத்தில் போனை விற்று, உள்ளே வரும் விளம்பரத்திலும் சேவைகளிலும் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு, ரோம் மாற்றிய பயனர் கைநழுவிய வருமானம்.

ஹுவாவே 2018இல் அன்லாக் குறியீடு தருவதையே நிறுத்தியது. புதிதாகச் சந்தைக்குள் வருபவர் ஆர்வலர்களை வாசலில் நின்று வரவேற்பார். கல்லா நிறைந்ததும் தாழ்ப்பாள் விழும்.

சாம்சங்?

2013லிருந்து அதன் பல போன்களில் ஒரு மின் உருகி இருக்கிறது. அதிகாரபூர்வமில்லாத மென்பொருளை ஒருமுறை ஏற்றினால் அது எரிந்துவிடும், திரும்ப ஒட்டவைக்க முடியாது. பழைய மென்பொருளையே மீண்டும் போட்டாலும் பாதுகாப்புப் பெட்டகம், கட்டணச் சேவை போன்றவை அந்தப் போனில் இனி இல்லை. மறுவிற்பனை விலையும் அடிபடும்.

ஐபோனில் இதெல்லாம் முடியுமா?

முழு இயங்குதளத்தை மாற்ற முடியாது. பூட்டை உடைத்து உள்ளே நுழையும் ஜெயில்பிரேக் மட்டும் இருந்தது. 2007இல் ஐபோன் வந்தபோது வெளியார் செயலி எதையும் ஏற்ற வழியில்லை. உடைத்தவர்கள் அதே ஆண்டில் ஏற்றிக் காட்டினார்கள். ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் வந்தது. வீடியோ எடுப்பது, முகப்புத் திரைக்குப் பின்னணிப் படம் வைப்பது, விரலால் இழுத்தால் வரும் கட்டுப்பாட்டுப் பலகை என்று பல வசதிகள் முதலில் உடைத்த போன்களில் ஓடி, பிறகு ஆப்பிளின் மேடையில் கைதட்டல் வாங்கின.

2010இல் அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகம், பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் ஜெயில்பிரேக்குக்கு விலக்கு அளித்தது. அதன் பிறகும் ஆப்பிள் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தது. வசதிகளும் ஐபோனிலேயே வந்துவிட்டதால் உடைக்கும் ஆசை மங்கிவிட்டது. வேறு விசைப்பலகைகளை அனுமதித்தது 2014இல். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கட்டாயப்படுத்தியதால் 2024 மார்ச் முதல் அங்கு வேறு செயலிக் கடைகளுக்கும் இடமுண்டு. நமக்கு இல்லை.

ரோம் ஏற்றினால் வங்கிச் செயலியும் யுபிஐயும் ஓடுமா?

உண்மையான தடை இன்று இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்.

பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவை மூலம் ஒரு செயலி, "இந்தப் போன் நம்பத்தக்கதா?" என்று கூகுளைக் கேட்கலாம். பூட்லோடர் திறந்திருந்தால், போனின் சிப்பே அதை ஒப்புக்கொண்டு சாட்சி சொல்லிவிடும். சில வங்கிச் செயலிகள் பொருட்படுத்துவதில்லை. சில திறந்ததும் மூடிக்கொள்கின்றன. இன்று ஓடியது அடுத்த புதுப்பிப்பில் ஓடாமல் போகலாம். ஏமாற்றும் வழிகள் உண்டு, வாரம் ஒருமுறை அவை உடையும். பெட்ரோல் நிலையத்தில் வரிசை பின்னால் நிற்க, பணம் அனுப்ப மறுக்கும் செயலியைப் பார்த்து வியர்த்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகு பணத்துக்கு ஒரு போன், பரிசோதனைக்கு ஒரு போன் என்று பிரித்துவிட்டேன்.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதையும் காணாத பழைய போன், நிறுவன மென்பொருளில் இருப்பதாலேயே இந்தச் சோதனையின் வழக்கமான படியில் தேறிவிடுகிறது. மாதாமாதம் திருத்தம் பெறும் லினியேஜ் போன் தேறுவதில்லை. பாதுகாப்பை அளப்பதாகச் சொல்லும் கோல், யாருடைய மென்பொருள் என்பதையே அளக்கிறது.

அரசும் நீதிமன்றங்களும் இதில் தலையிடவில்லையா?

தலையிட்டன. ஐரோப்பிய ஆணையம் 2018இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது, பிறகு அங்குள்ள நீதிமன்றம் அதைக் கொஞ்சம் குறைத்தது. மாற்று ஆண்ட்ராய்டுகளைத் தயாரிப்பாளர்கள் தொடவிடாமல் தடுத்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகளை நீக்கும் உரிமை உள்ளிட்ட நான்கு உத்தரவுகளைத் தள்ளிவிட்டது. நமக்கு வேண்டியிருந்தது அபராதத்தைவிட அந்த உத்தரவு.

சென்னை ஐஐடியின் பார் ஓஎஸ் இந்த வகையா?

2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் பொத்தானைத் தொட்டுக் காட்டிய பார் ஓஎஸ், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்றின் படைப்பு. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை அடித்தளமாகக் கொண்டது, கூகுள் செயலிகள் இல்லாதது. அந்த அளவில் இதே குடும்பம்தான். முற்றிலும் புதிய இயங்குதளம் என்பது போல அப்போது செய்திகள் வந்தன, அது மிகை. கட்டுப்பாடு தேவைப்படும் நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, உங்கள் பழைய போனில் ஏற்ற வந்ததல்ல.

போன் இயங்காமல் போய்ச் செங்கல் ஆகிவிடுமா?

ஆகலாம். என்னுடையது ஒன்று ஆனது. பிழை முழுக்க என்னுடையது. ஒரே பெயரில் இரண்டு மாடல்கள் இருந்தன, மற்றதற்கான கோப்பை இரவு ஒரு மணிக்கு ஏற்றினேன். மறுநாள் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த தம்பி மூடியைக் கழற்றி, இரண்டு புள்ளிகளை இடுக்கியால் தொட்டு, கணினியிலிருந்து மென்பொருளை ஏற்றி உயிர் கொடுத்தார். "அண்ணா, மாடல் நம்பரைப் பார்த்துப் போடுங்கள்" என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அவர் சொன்னதோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்லோடரை மீண்டும் பூட்டாதீர்கள். பல போன்கள் அங்கேயே நின்றுவிடும். நிறுவனத்தின் பழைய பதிப்புக்குத் திரும்ப நினைத்தால், அந்த மாடலில் பின்னோக்கிப் போவதற்குத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரவைப் பிரதி எடுப்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் யாரும் எடுப்பதில்லை.

இதற்காகவே போன் வாங்குவதானால் எதை வாங்கலாம்?

முதலில் லினியேஜின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், வாங்கிவிட்டுப் பட்டியலைத் தேடாதீர்கள். நெடுங்காலமாக எளிதாகத் திறக்கும் பூட்டு கூகுளின் சொந்த பிக்சல் போன்களில்தான் இருந்து வருகிறது. கூகுள் செயலிகளே இல்லாமல், தனியுரிமையையே குறியாகக் கொண்ட கிராஃபீன் ஓஎஸ் பல வருடங்களாக பிக்சலில் மட்டும் ஓடி வந்ததும் அதனால்தான். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளிடமே போன் வாங்க வேண்டியிருக்கிறது.

இது இன்னும் எத்தனை காலம் நீடிக்கும்?

காற்று எதிர்த்திசையில்தான் அடிக்கிறது. 2025இல் கூகுள் ஆண்ட்ராய்டின் மேம்பாட்டு வேலையை முழுவதும் உள்ளரங்கில் வைத்துக்கொண்டது, பதிப்பு முடிந்த பிறகே நிரல் வெளியே வருகிறது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, பிக்சலுக்கான வன்பொருள் விவரக் கோப்புகளை வழக்கம்போல வெளியிடவில்லை. ரோம் தொகுப்பவர்களின் வேலை கூடிவிட்டது. கடைக்கு வெளியிலிருந்து ஏற்றும் செயலிகளை உருவாக்கியவர்களும் தங்கள் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதியையும் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு பக்கவழி விடுவதாகச் சொன்னது.

இன்னொரு பக்கம், ரோம் ஏற்றுவதற்கான பெரிய காரணமே சுருங்குகிறது. பிக்சல் 8க்கும் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனங்களே வாக்களித்துள்ளன. அதைவிடக் குறைந்த விலைப் போன்கள் பலவற்றுக்கு அந்த வாக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சரி, என் இழுப்பறையில் கிடக்கும் போனை என்ன செய்யட்டும்?

மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு லினியேஜ் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருங்கள், இரவு ஒரு மணிக்கு வேண்டாம். வங்கிச் செயலி எதையும் அதில் போடாமல் பாட்டு கேட்கவும் புத்தகம் படிக்கவும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லையென்றால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் இன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.